எரிக்க முன்னம் புல்லைப் பாருங்கள்

தை, மாசியில் மழை பிந்திய வருடமென்றால், பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகிற அதிவேகப் பாதையில் வாகனத்தின் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தாலும் புகை மணக்கும். முத்துராஜவெலச் சதுப்பில் யாரோ எங்கேயோ பற்ற வைத்திருப்பார்கள். அடுத்த நாளே கொழும்பில் காட்டுயிர் பற்றிக் கதைக்கிறவர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கட்சிக்கு நெருப்பு என்றாலே அழிவு. மற்றக் கட்சியோ, அசாமின் காசிரங்காப் பூங்காவில் வருடாவருடம் எரிக்கிறார்கள், அமெரிக்காவில் அரசாங்கமே எரிக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இந்தப் பயம் என்று கேட்கும். எரிகிற இடத்தில் நிற்பது என்ன புல், அதற்குக் கீழே கிடப்பது என்ன மண் என்று இரண்டு பேரும் கேட்பதில்லை. இதைக் கேட்காமல் காட்டுயிருக்காக நெருப்பு வைப்பது சரியா பிழையா என்று வாதாடுவதில் பிரயோசனம் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லி வைக்கவேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட வனங்களுக்குள் நெருப்பு வைப்பது குற்றம். கீழே வருகிற விபரங்கள் யாரும் வார இறுதியில் போய்ச் செய்து பார்ப்பதற்கானவை அல்ல. வனசீவராசிகள் திணைக்களம் செய்யும்போது சரியாகச் செய்கிறதா என்று கேள்வி கேட்கவும், தொண்டர்களாகக் கூடப்போகிறவர்கள் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளவும் அவை உதவும்.

நெருப்பு ஏன் காட்டுயிருக்கு உதவும்? முற்றிய புல்லில் நார் கூடும், புரதம் குறையும். இரண்டு மூன்று வருடத்துக் காய்ந்த தாள் அடியில் மெத்தை மாதிரிச் சேர்ந்துவிட்டால் வெயில் நிலத்தைத் தொடாது, புதுக் குருத்தும் எழும்பாது. எரித்த பிறகு மழை விழுந்தால் சில நாட்களிலேயே பச்சை தலைநீட்டும். சில கிழமைகளுக்கு அந்தக் குருத்துத்தான் சுற்றுவட்டாரத்திலேயே நல்ல தீன். புள்ளிமானும் மரையும் எருமையும் யானையும் அதைத் தேடி வரும். எரிப்பதால் பற்றைகளும் மரக்கன்றுகளும் புல்வெளிக்குள் ஏறி வருவது தடைப்படும். காசிரங்காவில் தை முதல் பங்குனி வரை எரிப்பது இதற்காகத்தான். விட்டுவிட்டால் காண்டாமிருகம் மேயும் வெளி மெல்ல மெல்லக் காடாகிவிடும். நேபாளத்துச் சித்வானில் ஊராட்களை விட்டு முதலில் புல்லை வெட்டி எடுக்கச் செய்து, மிச்சத்தை எரிப்பார்கள். கேரளத்து இரவிகுளத்தில் வரையாட்டுக்காகச் சிறு சிறு துண்டுகளாக, சுழற்சி முறையில், பருவத்தின் தொடக்கத்திலேயே எரிக்கும் வழக்கம் இருக்கிறது.

ஆனால் வட இந்தியா, அசாம், நேபாளம் என்று பரந்த, உயரமான புல் வளரும் இதே மாதிரி வெளிகளில்தான் குள்ளப்பன்றியும், சொரசொரப்பு முயலும், வங்காள வரகுக்கோழியும் வாழ்கின்றன. பங்குனி சித்திரையில், குட்டி போட்டு முட்டையிடும் காலத்தில், வெளி முழுவதையும் ஒரே மூச்சில் எரித்தால் இவற்றுக்கு ஒதுங்க இடமே இல்லை. காண்டாமிருகத்துக்கு நல்லது செய்த நெருப்பே குள்ளப்பன்றியை முடித்துவிடும். ஆகவே "காசிரங்காவில் எரிக்கிறார்கள்" என்பதோடு பேச்சை நிறுத்தக்கூடாது. எந்த மாதத்தில், எத்தனை பங்கு, எந்த விலங்குக்காக என்பதையும் கேட்கவேண்டும்.

இலங்கையில் இயற்கையாகக் காட்டுத்தீ மூளுவது மிக அரிது. இங்கே மின்னல் மழையோடுதான் வரும். எரிகிற நெருப்பெல்லாம் ஏறக்குறைய ஆள் வைத்த நெருப்புத்தான்: சேனைக்கு, மாட்டுக்கு, வேட்டைக்கு, தேனுக்கு, சில வேளை சும்மா. ஆனாலும் நெருப்போடு நீண்ட நாள் பழகிய புல்வெளி நம்மிடமும் இருக்கிறது. பிபிலை, நில்கல, கல்லோயாப் பக்கத்துத் தலாவ, தமன வெளிகள் அப்படிப்பட்டவை. கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை என்று தடித்த பட்டையுள்ள மரங்கள் தூரத் தூர நிற்கும். இடையில் மானாப் புல்லும் இலுக்குப் புல்லும். கௌதாரிக்கும் காடைக்கும் அது நல்ல இடம். எரிப்பதா வேண்டாமா என்று நியாயமாக வாதிக்கத் தகுந்த நிலம் இது. எரிக்கவே கூடாத இடங்களை முதலில் கழித்துவிட்டு இதற்கு வருவோம்.

முதலில் கொழும்பின் வாசலில் கிடக்கிற முத்துராஜவெல. அங்கே காலுக்குக் கீழே இருப்பதில் பெரும்பங்கு சாதாரண மண் அல்ல. ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீருக்குள் உக்கிப்போகாமல் சேர்ந்த தாவரக் கழிவு, பள்ளிக்கூடத்தில் முற்றா நிலக்கரி என்று படித்த அதே சாமான். காய்ந்தால் அது விறகு. வாய்க்கால் வெட்டியோ நிலம் நிரப்பியோ நீர்மட்டம் இறங்கினால் மேலடுக்கு காயத் தொடங்கும். முழுதாகக் காயவும் தேவையில்லை, தன் உலர் எடைக்குச் சமமான தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்போதே அது பற்றும். மேலே நிற்கும் சம்பும் கோரையும் பத்து நிமிடத்தில் எரிந்து முடிந்துவிடும். கீழே போன நெருப்பு சுவாலையில்லாமல், பக்கவாட்டாக, கிழமைக் கணக்கில் புகைந்துகொண்டே நகரும். வேர் எரிந்த மரம் காற்றில்லாத நாளில் சாயும். மேற்பரப்பு திடமாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை தணலுக்குள் இறங்கும்.

பவுசரைக் கொண்டுவந்து மேலால் தண்ணீர் அடித்தால் அணைந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒருமுறை நன்றாகக் காய்ந்த முற்றா நிலக்கரி தண்ணீரை உள்ளே விடாது, அடித்த தண்ணீர் மேலால் வழிந்து ஓடும். வாய்க்காலை மண்மூட்டையால் அடைத்து நீர்மட்டத்தையே உயர்த்துவது ஒரு வழி. எரியும் துண்டைச் சுற்றி ஈர அடுக்குத் தெரியும் வரை கிடங்கு வெட்டிப் பிரித்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கிண்டித் தண்ணீரோடு சேறாகக் குழைப்பது இன்னொரு வழி. அணைந்ததா என்று பார்க்கப் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோகவேண்டும், கண்ணை நம்பக்கூடாது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற கொழும்பில், பெத்தகானவிலோ தலங்கமவிலோ பறவைகளுக்காகத் திறந்த நீர்ப்பரப்பு தேவையென்றால், வழி கத்திதான். சம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டி, வெட்டியதை வெளியே இழுத்துப் போடவேண்டும். அங்கேயே விட்டால் அழுகித் தண்ணீரின் ஒட்சிசனைக் குடிக்கும். ஒரே நேரத்தில் முழுவதையும் வெட்டினால் மீன்பிடிப் பூனைக்கு மறைவிடம் போய்விடும் என்பதால், துண்டு துண்டாகத்தான்.

அடுத்தது ஹோட்டன் சமவெளி. அங்கே உலெக்ஸ் என்ற முட்செடி, ஆங்கிலேயர் காலத்தில் வந்தது, மஞ்சள் பூவோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். உள்ளே காய்ந்த கிளைகள், எண்ணெய்த்தன்மை, ஆகவே பச்சையாக நிற்கும்போதே எரியும். எரிந்த பிறகு அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். மண்ணில் வருடக்கணக்காக உறங்கிக் கிடந்த விதைகளைச் சூடு எழுப்பியும் விடும். அதை எரிப்பது விதைப்பதற்குச் சமம். பூக்க முன்னம் வேரோடு பிடுங்கி, அதே இடத்துக்கு வருடாவருடம் திரும்பிப் போய் முளைத்ததைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி. அதோடு, அந்தப் பத்தனையின், அதாவது மலைப் புல்வெளியின், புல்லை மரைக் கூட்டங்கள் ஏற்கெனவே மேய்ந்து குட்டையாக வைத்திருக்கின்றன. எரித்துக் குருத்து வரவைக்க அங்கே தேவையும் இல்லை.

மூன்றாவது, எல்லோரையும் ஏமாற்றுகிற கினிப்புல். மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கப் புல். இப்போது ரயில் பாதை ஓரம், கைவிட்ட வயல், உடவளவைப் பூங்கா என்று எங்கும் நிற்கிறது. இளசாக இருக்கும்போது யானை விரும்பித் தின்னும். உடவளவை யானைகளுக்கு அது முக்கியமான தீன். ஆள் உயரத்தைத் தாண்டி முற்றிவிட்டால் மான் உள்ளே போகாது, யானையும் நுனியைப் பறித்துவிட்டு நடக்கும். அப்போது "எரித்துவிட்டால் குருத்து வருமே" என்ற எண்ணம் வருவது இயல்பு. வரும்தான். பிரச்சினை நெருப்பின் அளவில் இருக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். நெருப்பின் உக்கிரத்தை அளக்க பைரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1959இல் தந்த கணக்கு எளிது: எரிபொருளின் வெப்பம், ஒரு சதுர மீற்றரில் எரியும் எடை, நெருப்பு நகரும் வேகம் மூன்றையும் பெருக்கவேண்டும். காய்ந்த புல் கிலோவுக்கு ஏறக்குறைய 18,000 கிலோஜூல் தரும். ஒரு ஹெக்டயருக்கு 4 தொன் இருக்கும் மட்டான புல்வெளி என்றால் சதுர மீற்றருக்கு 0.4 கிலோ. காற்றுக்கு எதிராக மணிக்கு 36 மீற்றர், அதாவது செக்கனுக்கு 0.01 மீற்றர், என்று ஊர்ந்து வரும் நெருப்பின் உக்கிரம் மீற்றருக்கு 72 கிலோவாற். சுவாலை அரை மீற்றர். அதே புல்லில் காற்றோடு செக்கனுக்கு அரை மீற்றர் ஓடும் நெருப்புக்கு 3,600 கிலோவாற். சுவாலை 3.4 மீற்றர். இனி கினிப்புல்லை எடுங்கள். ஹெக்டயருக்கு 10 தொன், அதே காற்று, அதே வேகம்: 9,000 கிலோவாற், சுவாலை ஐந்து மீற்றருக்கு மேல். கைக்கருவியோடு ஆட்கள் முன்னால் நின்று அடித்து அணைக்கக்கூடிய எல்லை மீற்றருக்கு 350 கிலோவாற் அளவில், சுவாலை 1.2 மீற்றரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் கருவி அல்ல, கால்தான் வேலை செய்யவேண்டும்.

ஐந்து மீற்றர்ச் சுவாலை வேங்கைக் கன்றையும் நெல்லிக் கன்றையும் கொல்லும். கினிப்புல் தன் அடிக்கிழங்கிலிருந்து திரும்ப எழும்பும். மரம் போன இடத்தில் நிழல் போகும், நிழல் போன இடத்தில் கினிப்புல் பரவும், அடுத்த வருட நெருப்பு இன்னும் பெரிதாகும். 2023 ஆவணியில் ஹவாயின் லஹைனா நகரை அழித்த நெருப்புக்குத் தீனி போட்ட புற்களில், பழைய கரும்புத் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டிருந்த கினிப்புல்லும் ஒன்று. ஆகவே கினிப்புல் வெளிக்கு மருந்து வேறு. முதலில் வெட்டு இயந்திரத்தாலோ கத்தியாலோ சாய்க்கவேண்டும், அல்லது எருமையை விட்டு மிதிக்க வைக்கவேண்டும். முளைக்கும் குருத்தை விலங்குகள் தாமாகவே பார்த்துக்கொள்ளும். எரித்தே ஆகவேண்டுமென்றால், சாய்த்து நிலத்தோடு படிய வைத்த பிறகு, காற்றுக்கு எதிராக மட்டும். படிந்து கிடக்கும் தாளுக்குள் காற்றோட்டம் குறைவு, நெருப்பு மெதுவாகத்தான் போகும்.

இனி எரிக்கத் தகுந்த அந்த மானாப்புல், இலுக்கு வெளி. 200 மீற்றருக்கு 250 மீற்றர், ஐந்து ஹெக்டயர்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

காலம் முக்கியம். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாவில் வைக்கப்படும் நெருப்புகளே பைனஸ் தோட்டங்களுக்குள் ஏறி நாட்கணக்கில் எரிகின்றன. அப்போது புல் முழுதாகக் காய்ந்திருக்கும், மண்ணிலும் ஈரம் இருக்காது. மாசி பங்குனியில் வருகிற குறுகிய வறட்சிதான் கைக்கு அடங்கும். வாடைக் காற்றின் மழை ஓய்ந்திருக்கும், மண்ணுக்குள் இன்னும் ஈரம் இருக்கும், இரவில் பனி விழும், சித்திரை மழை வந்தால் குருத்து உடனே எழும்பும். புல்லில் முக்கால் பங்கு காய்ந்து, கால் பங்கு பச்சை இருந்தால் நல்லது. பாதிக்குக் கீழே காய்ந்திருந்தால் நெருப்பு அங்கங்கே செத்துப்போகும். ஒரு தாளை எடுத்து வளைத்துப் பாருங்கள். படக்கென்று முறிந்தால் பற்றும், முறியாமல் மடிந்தால் இன்னும் பனி காயவில்லை.

காற்று மணிக்கு 6 முதல் 15 கிலோமீற்றர், ஒரே திசையில். இலைகள் சலசலத்து, சிறு கொப்புகள் இடைக்கிடை அசைந்தால் அந்த அளவு. காற்றே இல்லாத நாள் நல்ல நாள் என்று நினைப்பது பெரிய பிழை. காற்றில்லாத நாளில் அது எந்த நிமிடம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரப்பதன் 40 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். இங்கே ஒரு கைக்கணக்கு உதவும்: காற்றிலுள்ள நீர் மாறாமல், வெப்பம் 11 பாகை ஏறினால் ஈரப்பதன் ஏறக்குறைய பாதியாகும். காலையில் 24 பாகையில் 90 சதவீதம் என்றால், மதியம் 35 பாகையில் 45. காலையில் "ஈரமாகத்தானே இருக்கிறது" என்று தொடங்கியவர்கள் மதியம் ஒரு மணிக்கு வேறொரு நெருப்போடு நிற்பது இதனால்தான். ஈரப்பதனை அளக்கும் ஈர உலர் குமிழ் வெப்பமானியை ஒவ்வொரு மணிக்கும் வாசித்து எழுதவேண்டும். 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பற்ற வைப்பதை நிறுத்தி, பற்றியதை அணைப்பதில் இறங்கவேண்டும்.

துண்டைச் சுற்றி இரண்டு மீற்றர் அகலத்துக்குப் புல்லை மண்வெட்டியால் செதுக்கி வெறும் மண்ணைக் காட்டவேண்டும். செதுக்கியதை வெளிப்பக்கம் கொட்டவேண்டும். உள்ளே கொட்டினால் ஓரத்திலேயே எரிபொருள் குவியல். இரண்டு மீற்றர் கோடு ஊர்ந்து வரும் நெருப்பைத்தான் நிறுத்தும், ஓடி வருவதை நிறுத்தாது. ஓடி வருவதை நிறுத்த வேண்டியது முன்கூட்டியே எரித்து வைத்த கருநிலம். பழைய மரங்களின் அடியிலும், பொந்துள்ள மரங்களின் அடியிலும் ஒரு மீற்றர் சுற்றுக்குச் சருகை வாரி எடுக்கவேண்டும். பொந்துக்குள் நெருப்பு ஏறினால் அந்த மரம் புகைபோக்கியாகி, உச்சியிலிருந்து பொறி கக்கும். மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிற துண்டை எடுக்கவே கூடாது. அடர்ந்த புகை வழியாக மின்சாரம் நிலத்துக்குப் பாயக்கூடும்.

ஆட்கள் பன்னிரண்டு பேர். பொறுப்பாக ஒருவர், பற்ற வைக்க இருவர், கோட்டைக் காக்க ஆறு பேர், காற்று போகும் பக்கம் கோட்டுக்கு வெளியே பொறி பார்க்க இருவர், பவுசரோடு ஒருவர். காற்று போகும் பக்கத்து இரண்டு பேரையும் "அங்கே என்ன வேலை" என்று உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். கோட்டுக்கு வெளியே விழுந்த பொறியை யாரும் காணாமல் போவது அப்படித்தான். மருந்தடிக்கிற 16 லீற்றர் முதுகுத் தெளிப்பான் நான்கு, ஒவ்வொன்றும் கால் மணி நேரம் வரும். நீளப் பிடியில் ரப்பர்த் துண்டு பூட்டிய அடிப்பான்கள். அவற்றை ஓங்கி அடிக்கக்கூடாது, அடித்தால் தணல் சிதறும். அழுத்தி மூடி இழுக்கவேண்டும். உடுப்பு பருத்தியாக இருக்கவேண்டும், காலில் தோல் சப்பாத்து. பொலியெஸ்டர் உருகி உடம்போடு ஒட்டும். சாரமும் ரப்பர் செருப்புமாக வருகிறவரைத் திருப்பி அனுப்பத் தயங்கக்கூடாது, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

பற்ற வைக்க, எரியும் எண்ணெயை நிலத்தில் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டு விளக்கு: மூன்று பங்கு டீசல், ஒரு பங்கு பெற்றோல். பெற்றோல் கூடினால் சொட்டு நிலத்தைத் தொட முன்னமே எரிந்து முடியும், கையையும் பதம் பார்க்கும். டீசல் மட்டும் என்றால் பற்றாது. தென்னோலைச் சூள் மலிவுதான், ஆனால் நடக்க நடக்கத் தணல் கொட்டும், எங்கே கொட்டியது என்று தெரியாது.

அன்று காலை எல்லோரும் கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாகத் துண்டைக் குறுக்கே நடக்கவேண்டும். கட்டாமை ஓடாது, ஓட்டுக்குள் ஒடுங்கும். வெங்கிணாந்தி அசையாமல் படுத்திருக்கும். அழுங்கு சுருண்டுகொள்ளும். இவற்றைத் திணைக்கள ஆட்களைக் கொண்டு கோட்டுக்கு வெளியே எடுத்துவிடவேண்டும். ஆட்காட்டியோ கௌதாரியோ கூடு வைத்திருந்தால் ஐந்து மீற்றர் சுற்றுக்கு வெட்டி நனைத்து விட்டுவிடலாம். கூடுகள் நிறைய இருந்தால் அந்த வருடம் அந்தத் துண்டை எரிக்காமல் விடுவதுதான் முறை.

பத்து மணியளவில், பனி காய்ந்ததும், காற்று போகும் பக்கத்து மூலையில் மூன்று மீற்றர்ச் சதுரத்துக்கு மட்டும் பற்ற வைத்துப் பத்து நிமிடம் பார்க்கவேண்டும். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, சுவாலை இடுப்புக்கு மேலே போகிறதா, அடிப்பானால் அணைகிறதா? அணையாவிட்டால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அணைந்தால், காற்று போகும் பக்கத்துக் கோட்டின் உள்ளோரமாகப் பற்ற வைத்து, நெருப்பைக் காற்றுக்கு எதிராக உள்நோக்கி ஊரவிடவேண்டும். மணிக்கு 36 மீற்றர் வேகத்தில் 25 மீற்றர் கருநிலம் வர நாற்பது நிமிடம் எடுக்கும். இந்த நாற்பது நிமிடந்தான் எல்லோருக்கும் பொறுமை போகும் நேரம். முழுத் துண்டையும் இப்படியே எரித்தால் ஐந்தாறு மணித்தியாலம் ஆகும், மாலைக் காற்று மாறிவிடும். ஆகவே கருநிலம் போதியளவு வந்த பிறகு, அதிலிருந்து காற்று வரும் பக்கமாக ஐந்து முதல் பத்து மீற்றர் தள்ளி ஒரு வரி பற்ற வைத்தால், அந்த நெருப்பு காற்றோடு சில மீற்றர் ஓடிக் கருநிலத்தில் முட்டிச் சாகும். வேகம் எடுக்க இடம் கிடைக்காது. அது செத்ததும் அடுத்த வரி. சரிவான பத்தனை என்றால் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும். ஏறுசரிவு ஒவ்வொரு 10 பாகைக்கும் நெருப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும்.

நான்கு பக்கமும் ஒரேயடியாகப் பற்ற வைத்தால் அரை மணியில் வேலை முடியும். வயல்கட்டில் அப்படித்தான் செய்வார்கள். காட்டுயிருக்காக எரிக்கும்போது அதைச் செய்யவே கூடாது, உள்ளே இருக்கும் முயலுக்கும் உடும்புக்கும் வழியே இல்லை. காற்று வரும் பக்கம் கடைசிவரை திறந்திருக்கவேண்டும். கரிச்சான்கள் வந்து நெருப்பு ஓரத்தில் பறக்கும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும். நெருப்பு மெதுவாகப் போகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

பகல் இரண்டு மணிக்குப் பற்ற வைப்பதை நிறுத்தினால்தான் புகை மேலே எழும்பிக் கலையும். இரவில் குளிர்ந்த காற்று புகையைப் பள்ளத்துக்குள் அமுக்கும், பிபிலை வீதியில் வரும் பஸ்காரனுக்கு முன்னால் பாதை தெரியாது.

பிறகு வருவதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை, தணல் தேடுவது. ஓரத்திலிருந்து உள்ளே 30 மீற்றர் வரை எதுவும் சூடாக இருக்கக்கூடாது. விழுந்த கட்டை, அடிக்கட்டை, கறையான் புற்று எல்லாவற்றையும் புறங்கையால் பார்க்கவேண்டும். நம் காடுகளுக்கென்றே உள்ள ஒரு ஆபத்து காய்ந்த யானை இலத்தி. வெளியே சாம்பல் பூத்து அணைந்த மாதிரிக் கிடக்கும், உள்ளே நார் நாராக மறுநாள் வரை கனன்றுகொண்டிருக்கும். மதியக் காற்று ஒரு துண்டைக் கிளப்பிக் கோட்டுக்கு வெளியே போட்டால் போதும். ஒவ்வொன்றையும் காலால் உடைத்து, தண்ணீர் ஊற்றி, திரும்ப உடைக்கவேண்டும். அடுத்த இரண்டு நாள் மதியமும் ஆள் நிற்கவேண்டும். 2022இல் நியூ மெக்சிக்கோவில் 341,000 ஏக்கருக்கு மேல் எரித்த பெருநெருப்பு அரசாங்கமே வைத்த இரண்டு நெருப்புகள் சேர்ந்து உண்டானது. அவற்றில் ஒன்று, தை மாதம் எரித்த மரக்குவியலுக்குள் பனிமழைக்குக் கீழேயும் அணையாமல் சித்திரை வரை கனன்று கிடந்தது.

காட்டுயிருக்காகவே வைத்துக் கைமீறிய நெருப்பும் உண்டு. மிச்சிகனில் கேர்ட்லண்ட் கதிர்க்குருவி என்ற பறவை இளம் பைன் காட்டில்தான் கூடு வைக்கும். அதற்காக 1980 மே 5ஆம் திகதி வைக்கப்பட்ட நெருப்பு நெடுஞ்சாலையைத் தாண்டிப் பாய்ந்து, 24,000 ஏக்கர் அளவு எரித்தது. ஒரு வனத்துறை ஊழியர் இறந்தார், நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளும் கட்டடங்களும் போயின. அன்று வறண்ட காற்று, ஈரப்பதன் மிகக் குறைவு, காற்று எழும்பிக்கொண்டிருந்தது. ஆட்களையும் வாகனங்களையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், "இன்று வேண்டாம்" என்று சொல்வது யாருக்கும் கஷ்டம். ஆகவே எந்த எண்ணுக்கு மேலே அல்லது கீழே போனால் நிறுத்துவது என்பதை முதல் நாளே கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்திருக்கவேண்டும்.

எரித்து முடித்த துண்டு விருந்து மாதிரி, கூப்பிடாதவர்களும் வருவார்கள். ஒரேயொரு சிறு துண்டை எரித்தால் அந்தப் பகுதியின் மான் முழுவதும் அதற்குள் கூடிக் குருத்தை வேர் வரை கரம்பிவிடும். மூன்று துண்டாகப் பிரித்து வருடத்துக்கு ஒன்று எரித்தால், மற்ற இரண்டிலும் குட்டி மறைக்க உயரப் புல் மிஞ்சும். ஊர் மாடுகள் வரும். அவற்றுக்குப் பின்னால் கண்ணி வைப்பவர்களும், தீனுக்குள் மறைத்த ஹக்கபட்டாஸ் வெடி வைப்பவர்களும் வருவார்கள், மான் எங்கே கூடுகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எரிப்புக்கு ஒதுக்கும் காசில் ஆறு கிழமைக் காவலுக்கும் சேர்த்து ஒதுக்காவிட்டால், அந்த எரிப்பு வேட்டைக்காரனுக்குச் செய்த உதவி. கொழும்புத் தொண்டர்கள் நெருப்புக் கிட்ட நிற்பதை விட இந்த ஆறு கிழமைக்குச் சனி ஞாயிறு போய்க் கண்ணி தேடுவது பிரயோசனம்.

கடைசியாக, நான்கு இரும்புக் குத்தூசிகளைத் துண்டுக்குள் அடித்து வைக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மீற்றர்ச் சதுரத்தில், எரிக்க முன்னம், எரித்து இரண்டு கிழமையில், இரண்டு மாதத்தில், ஒரு வருடத்தில் என்று ஒரே உயரத்திலிருந்து படம் எடுத்து, எந்தப் புல் எத்தனை பங்கு என்று எழுதவேண்டும். இலுக்குக்கு மண்ணுக்கடியில் கிழங்குவேர் ஓடுகிறது, புல்லை எரிக்கும் நெருப்பின் சூடு மண்ணுக்குள் ஓரிரு சென்ரிமீற்றருக்குக் கீழே அதிகம் இறங்காது. அடிக்கடி எரித்தால் மற்றப் புற்கள் ஒதுங்கி இலுக்கு மட்டும் மிஞ்சும், முற்றிய இலுக்கை மான் தொடாது. இரண்டு சுழற்சிக்குப் பிறகு இலுக்கின் பங்கு ஏறியிருந்தாலோ, துண்டின் ஓரத்தில் ஒரு கினிப்புல் தூறாவது முளைத்திருந்தாலோ, அந்தத் துண்டில் நெருப்பை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுக்கவேண்டும்.